21 இலக்க எண் ஒன்றும் இணையத்தின் பூட்டும்: பகு எண் என்று தெரிந்தும் காரணி தெரியாமல் போன 27 ஆண்டுகள்

2024 அக்டோபரில் புதிய பகா எண் ஒன்று அறிவிக்கப்பட்டது. 2-இன் 13,62,79,841ஆம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் வரும் எண் அது. முழுவதும் எழுதினால் 4,10,24,320 இலக்கங்கள். அதுவரை தெரிந்திருந்த எல்லாப் பகா எண்களையும்விடப் பெரியது. லூக் டுரான்ட் என்ற அமெரிக்கர், பல நாடுகளில் இருந்த வரைகலைச் செயலிகளை வாடகைக்கு எடுத்து இதைக் கண்டுபிடித்தார்.

இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் வாசகர்களுக்கு இரண்டு சந்தேகங்கள் எழுகின்றன. நான்கு கோடி இலக்கம் கொண்ட ஓர் எண்ணுக்குக் காரணியே கிடையாது என்று எப்படி அறுதியிட்டுச் சொல்கிறார்கள்? வங்கிக் கணக்கைக் காக்கும் குறியாக்கம் பகா எண்களை நம்பியிருக்கிறது என்கிறார்களே, பெரிய பகா எண் கிடைத்துவிட்டால் அதற்கு ஆபத்து வருமா?

இரண்டுக்கும் விடை சொல்ல நான்கு கோடி இலக்கம் தேவையில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த, வெறும் 21 இலக்கம் கொண்ட எண் ஒன்று போதும்:

14,75,73,95,25,89,67,64,12,927

2-இன் 67ஆம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் இது வரும். கோடிக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 14 லட்சத்து 75 ஆயிரம் கோடி கோடி. கட்டுரை முழுவதும் இதை 'நம் எண்' என்றே அழைப்போம். இது பகு எண் என்பது 1876இல் தெரிந்துவிட்டது. எந்த இரண்டு எண்களின் பெருக்கம் என்பது 1903 வரை தெரியவில்லை. அந்த இடைவெளிதான் இன்றைய இணையப் பாதுகாப்பின் அடித்தளம்.

## முதலில் சில அடிப்படைகள்

1ஐவிடப் பெரியதாக இருந்து, 1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் முழு எண் பகா எண்: 2, 3, 5, 7, 11 என்று போகும். 1ஐவிடப் பெரிய மற்ற முழு எண்கள் பகு எண்கள். ஒரு பகு எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் காரணிகள். காரணிகளைத் தேடிக் கண்டுபிடிப்பது காரணிப்படுத்தல்.

2-இன் ஏதாவது ஓர் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்து வரும் எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். 3, 7, 31, 127 எல்லாம் இந்த வகை. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் மெர்சென் எண்ணும் பகு எண்தான். உதாரணமாக 15 என்பது 3 × 5. ஆகவே 2-இன் 15ஆம் அடுக்கில் 1 குறைத்தால் வரும் 32,767ஐ 7, 31 இரண்டும் வகுக்கும். அதனால் பகா எண்ணைத் தேடுபவர்கள், அடுக்கே பகா எண்ணாக இருக்கும் இடங்களை மட்டும் பார்த்தால் போதும்.

ஆனால் அடுக்கு பகா எண் என்பதால் மட்டும் விடையும் பகா எண்ணாகிவிடாது. 11 பகா எண்தான்; அதன் மெர்சென் எண் 2,047. அதுவோ 23 × 89. 67உம் அப்படியொரு பகா எண். அதன் மெர்சென் எண் எந்தப் பக்கம்?

பிரெஞ்சுத் துறவி மரன் மெர்சென் 1644இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவை மட்டுமே பகா எண் தரும் என்பது அவர் கூற்று. அந்தக் காலக் கணக்கு வசதியில் இதை அவர் சரிபார்த்திருக்க வழியே இல்லை. பின்னால் பார்த்தபோது 61, 89, 107 மூன்றும் விடுபட்டிருந்தன. 67உம் 257உம் தவறாக இடம்பெற்றிருந்தன. ஆனாலும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பட்டியல் புகழோடு உலவியது. 67ஐப் பற்றி உறுதியாக எதையும் சொல்ல யாராலும் முடியவில்லை.

## நேரடி வழி எவ்வளவு நீளம்?

பள்ளியில் கற்ற வழி இதுதான்: எண்ணின் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார். நம் எண்ணின் வர்க்கமூலம் சுமார் 1,215 கோடி. அதற்குள் 50 கோடிக்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. கையால் ஆகாது.

நல்ல வேளையாக, மெர்சென் எண்ணைக் கண்ட எண்ணெல்லாம் வகுத்துவிடாது. நம் எண்ணை வகுக்கும் பகா எண் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு 'வ' என்று பெயர் கொடுப்போம்.

1. வ நம் எண்ணை வகுக்கிறது என்றால், 2-இன் 67ஆம் அடுக்கை வ-ஆல் வகுக்கும்போது மீதி 1 வரவேண்டும்.

2. 2-இன் அடுக்குகளை வரிசையாக வ-ஆல் வகுத்து மீதிகளை எழுதிக்கொண்டே போனால், ஓரிடத்தில் மீதி 1 வரும். அதற்குப் பின் அதே மீதிகள் அதே வரிசையில் திரும்பத் திரும்ப வரும். 67ஆவது இடத்தில் 1 வருவதால், இந்தச் சுழற்சியின் நீளம் 67ஐ வகுக்கவேண்டும். 67 பகா எண். எனவே நீளம் 1 அல்லது 67. அது 1ஆக இருக்க முடியாது, ஏனென்றால் 2ஐ வகுத்து மீதி 1 தரும் பகா எண் கிடையாது. ஆக, நீளம் 67.

3. ஃபெர்மாவின் சிறிய தேற்றம் ஒன்று உண்டு: வ ஓர் ஒற்றைப் பகா எண் என்றால், 2-இன் (வ − 1)ஆம் அடுக்கை வ-ஆல் வகுக்கும்போதும் மீதி 1தான். அதாவது வ − 1 என்ற இடத்திலும் சுழற்சி முடிகிறது. எனவே வ − 1 என்பது 67இன் மடங்கு.

4. வ ஒற்றை எண் என்பதால் வ − 1 இரட்டை எண். இரண்டையும் சேர்த்தால், வ − 1 என்பது 134இன் மடங்கு.

5. இவை தவிர இன்னொரு நிபந்தனையும் இருபடி மீதிகளின் (வர்க்க எண்களை வகுத்தால் வரும் மீதிகளின்) கோட்பாட்டிலிருந்து கிடைக்கிறது: வ-வை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரவேண்டும்.

இதே நிபந்தனைகளை 2,047க்கு வைத்துப் பாருங்கள். அங்கே 134க்குப் பதில் 22. காரணிகள் 23, 89. ஒன்றைக் கழித்தால் 22, 88. இரண்டும் 22இன் மடங்கு. 8ஆல் வகுத்தால் மீதி 7, 1. பொருந்துகிறது.

நம் எண்ணுக்கு இந்த வடிகட்டிகளைப் போட்டபின் பார்க்கவேண்டியவை பெரிதும் குறைகின்றன. பின்னாளில் கிடைத்த சிறிய காரணி வரைக்கும் தகுதியுள்ளவை 7.2 லட்சம். அவற்றிலும் 3, 5, 7 ஆகியவற்றின் மடங்குகளைத் தள்ளினால் சுமார் 3.3 லட்சம். ஒன்றைச் சோதிக்க 2 நிமிடம் என்று வைத்தாலும் 11,000 மணி நேரம் ஆகும். தினம் 8 மணி நேரம் உட்கார்ந்தாலும் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். அதுவும் அந்தக் காரணி அங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால்தான். தெரியாதவருக்கு முன்னால் 1,215 கோடி வரை வழி திறந்து கிடக்கிறது.

## காரணியைத் தேடாமலே தீர்ப்பு

பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூக்காஸ் 1876இல் வேறு வழியில் போனார். எண்ணை எதனாலும் வகுத்துப் பார்க்காமல், அந்த எண்ணின் உலகத்துக்குள் ஒரு கணக்கை ஓட்டி, அதன் முடிவை மட்டும் பார்ப்பது அவர் வழி. 1930இல் டெரிக் ஹென்றி லேமர் அதைச் சீர்ப்படுத்தினார். இன்று அது லூக்காஸ்–லேமர் சோதனை.

செய்முறை வியப்பூட்டும் அளவுக்கு எளிது. 4இல் தொடங்குங்கள். அதை வர்க்கப்படுத்தி 2ஐக் கழியுங்கள். மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வர்க்கம், 2 கழித்தல், மீதி. அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இப்படிச் செய்யவேண்டும். கடைசி மீதி 0 என்றால் பகா எண். வேறு எதுவாக இருந்தாலும் பகு எண்.

31க்குச் செய்து பார்ப்போம். 31 என்பது 2-இன் 5ஆம் அடுக்கில் 1 குறைவு. ஆகவே மூன்று தடவை:

- 4 × 4 − 2 = 14
- 14 × 14 − 2 = 194; 31ஆல் வகுத்தால் மீதி 8
- 8 × 8 − 2 = 62; மீதி 0

31 பகா எண். அப்புறம் 2,047க்கு ஒன்பது தடவை செய்தால் மீதிகள் 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736 என்று போகும். கடைசியில் 0 வரவில்லை. பகு எண் என்று தீர்ப்பு.

இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும். 1736 என்ற அந்தக் கடைசி மீதியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அதற்குள் 23ஓ 89ஓ தென்படாது. சோதனை 'காரணி உண்டு' என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. அது எது என்பதைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்வதில்லை. ஒன்று இருக்கிறது என்று நிரூபிப்பதும் அதைக் கையில் எடுத்துக் காட்டுவதும் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கும் இடம் எண் கணிதத்தில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

67க்கு இந்தச் சோதனை 65 வர்க்கங்களில் முடிந்துவிடும். 21 இலக்க எண்களை 65 தடவை வர்க்கப்படுத்துவது அலுப்பான வேலைதான். ஆனால் பொறுமையுள்ள ஒருவர் தாளில் செய்து முடிக்கலாம். லூக்காஸ் நம் எண் பகு எண் என்று காட்டினார். அதே ஆண்டு 127ஆம் அடுக்குக்கு உரிய 39 இலக்க மெர்சென் எண் பகா எண் என்றும் காட்டினார். 1951 வரை, 75 ஆண்டுகள், அதைவிடப் பெரிய பகா எண் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

முதல் சந்தேகத்துக்கு விடையும் இதுவே. 2024இன் எண்ணைக் காரணி தேடி யாரும் அலசவில்லை. முதலில் வேகமான ஒரு சோதனை 'பகா எண்ணாக இருக்க வாய்ப்பு மிக அதிகம்' என்று காட்டியது. பிறகு லூக்காஸ்–லேமர் சோதனையை வெவ்வேறு கருவிகளிலும் வெவ்வேறு மென்பொருள்களிலும் ஓட்டி உறுதிசெய்தார்கள். 13 கோடியே 62 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்க்கங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு கோடி இலக்கம். வேலை பெரிது, முறை 31க்குச் செய்ததேதான்.

## காரணிகள் கிடைத்த விதம்

1903 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம் நடந்தது. கழகத்தின் செயலாளராக இருந்த ஃபிராங்க் நெல்சன் கோல் நம் எண்ணின் காரணிகளை அங்கே அறிவித்தார்:

19,37,07,721 × 7,61,83,82,57,287

கோல் ஒரு சொல்கூடப் பேசாமல் கரும்பலகையில் 2-இன் அடுக்குக் கணக்கையும் இந்தப் பெருக்கலையும் போட்டு, விடை ஒன்றே என்று காட்டிவிட்டு அமர்ந்தார், அவை எழுந்து கைதட்டியது என்று ஒரு கதை வெகுகாலமாகச் சொல்லப்படுகிறது. இதைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டதற்கு 'மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள்' என்றாராம். கதை பிற்காலத்தில் எழுதப்பட்டது. அதில் எவ்வளவு அலங்காரம் என்று பிரிக்க முடியாது. ஆனால் கணக்கு இன்றும் அப்படியே இருக்கிறது. நீங்களே சில வழிகளில் சோதிக்கலாம்.

1. கடைசி இரண்டு இலக்கங்கள்: 21 × 87 = 1,827. நம் எண் 27இல் முடிகிறது.

2. இலக்கக் கூட்டல்: காரணிகளின் இலக்கங்களைக் கூட்டினால் 37, 64. நம் எண்ணின் இலக்கங்கள் 109. மூன்றையும் 9ஆல் வகுத்தால் மீதி 1. பொருந்துகிறது.

3. 134 நிபந்தனை: முதல் காரணியில் 1ஐக் கழித்தால் 134 × 14,45,580. இரண்டாவதில் 1ஐக் கழித்தால் 134 × 568,53,60,129. இரண்டும் தேறுகின்றன.

4. 8இன் நிபந்தனை: முதல் காரணியை 8ஆல் வகுத்தால் மீதி 1, இரண்டாவதில் மீதி 7. காரணிகள் இரண்டே என்றால் இப்படித்தான் வந்தாக வேண்டும். நம் எண்ணை 8ஆல் வகுத்தால் மீதி 7. இரண்டு காரணிகளும் ஒரே வகை மீதியைத் தந்தால் பெருக்கத்தின் மீதி 1 ஆகிவிடும்.

கோல் குருட்டாம்போக்கில் வகுத்துக்கொண்டிருக்கவில்லை. இருபடி மீதிகளைக் கொண்டு, காரணியாக இருக்க முடியாதவற்றைக் கூட்டம் கூட்டமாக ஒதுக்கினார். பின்னாளில் வந்த பெரிய காரணிப்படுத்தும் முறைகள் பலவும் இருபடி மீதிகளின் மேல்தான் எழுந்தன.

கோலுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத ஒரு பலவீனமும் நம் எண்ணுக்கு உண்டு. சிறிய காரணியில் 1ஐக் கழித்து அதைக் காரணிப்படுத்திப் பாருங்கள்: 8 × 27 × 5 × 67 × 2,677. இதில் உள்ள மிகப் பெரிய பகா எண் வெறும் 2,677. 1974இல் ஜான் போலார்ட் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். காரணியிலிருந்து 1ஐக் கழித்தால் வரும் எண் சிறுசிறு பகா எண்களாலேயே ஆனதாக இருந்தால், காரணி எவ்வளவு பெரிதானாலும் அந்த முறை அதைச் சட்டென்று பிடித்துவிடும். இன்றைய மடிக்கணினிக்கு நம் எண் ஒரு நொடி வேலைகூட இல்லை.

## இந்த இடைவெளி பூட்டாக மாறியது

பகா எண்ணா என்று சோதிப்பது மலிவு. காரணி கண்டுபிடிப்பது விலை அதிகம். 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் இந்த ஏற்றத்தாழ்வையே குறியாக்கமாக்கினார்கள். அதன் பெயர் ஆர்எஸ்ஏ. இரண்டு பெரிய பகா எண்களை இரகசியமாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்குவார்கள். பெருக்கத்தை ஊருக்கே அறிவிப்பார்கள். அதைக் கொண்டு யார் வேண்டுமானாலும் செய்தியைப் பூட்டலாம். இரண்டு பகா எண்களையும் அறிந்தவரால் மட்டுமே திறக்க முடியும்.

இதில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேலை செய்வதைக் கவனிக்கவேண்டும். திறவுகோல் உருவாக்கக் கணினிக்கு 300 இலக்க அளவில் இரண்டு பகா எண்கள் வேண்டும். ஏதோ ஓர் ஒற்றை எண்ணை எடுத்துச் சோதிக்கும். தேறாவிட்டால் அடுத்ததை எடுக்கும். அந்த அளவில் சராசரியாக 355 ஒற்றை எண்களுக்கு ஒன்று பகா எண். சோதனை மலிவு என்பதால் இது கண் இமைப்பதற்குள் முடிகிறது. பெருக்கத்தைப் பிரிப்பது விலை அதிகம் என்பதால் திருடன் வெளியே நிற்கிறான். லூக்காஸ் செய்த வேலை பூட்டு செய்பவருக்கு, கோல் செய்த வேலை திருடனுக்கு.

சோதனை மலிவு என்பது கோட்பாட்டளவிலும் நிரூபணமாகிவிட்டது. 2002இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும், எந்த எண்ணையும் பகா எண்ணா என்று பல்லுறுப்புக் காலத்துக்குள் ஐயமறச் சொல்லும் முறையைத் தந்தார்கள். அதாவது இலக்கங்கள் கூடினாலும் வேலை கட்டுக்குள் இருக்கும். அவர்களில் கயால், சக்சேனா இருவரும் இளநிலைப் பட்டப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தவர்கள். நம் நாட்டில் நடந்த கணித வேலைகளில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது இது. காரணிப்படுத்தலுக்கு அப்படி ஒரு முறை சாதாரணக் கணினிகளில் இன்னும் இல்லை. அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை.

நடைமுறையில் எல்லை எங்கே இருக்கிறது? 1977இல் சவாலாக வெளியான 129 இலக்க எண் 1994இல், சுமார் 600 தன்னார்வலர்களின் கணினிகள் சேர்ந்து உழைத்தபின் உடைந்தது. 250 இலக்க எண் ஒன்று 2020இல் உடைந்தது. ஒரே ஒரு செயலிக் கருவால் செய்திருந்தால் சுமார் 2,700 ஆண்டுகள் பிடித்திருக்கும் வேலை. பரவலாகப் பயன்படும் ஆர்எஸ்ஏ எண்ணுக்கு 617 இலக்கங்கள்.

மெர்சென் எண்களிலேயே இந்த எல்லையைப் பார்க்கலாம். 2-இன் 1,277ஆம் அடுக்கில் 1 குறைவான எண்ணுக்கு 385 இலக்கங்கள்தான். அது பகு எண் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரியும். காரணி ஒன்றுகூடத் தெரியாது. 1876க்கும் 1903க்கும் இடையே நம் எண் இருந்த அதே நிலையில் அது இருக்கிறது.

## செய்திகளை எப்படிப் படிப்பது?

'மிகப் பெரிய பகா எண்' செய்தி. இதனால் குறியாக்கத்துக்கு ஆபத்து எதுவும் இல்லை. அந்த எண்ணை எல்லோரும் அறிவார்கள், ஆகவே இரகசியத் திறவுகோலாக உதவாது. குறியாக்கத்துக்கு வேண்டிய அளவையும் அது எங்கோ தாண்டிவிட்டது. இந்தத் தேடலால் கிடைக்கும் பயன் வேறு: மிகப் பெரிய எண்களை வேகமாகப் பெருக்கும் வழிகள், அப்புறம் செயலிகளின் மறைந்த பிழைகளை வெளிக்கொணரும் கடும் சோதனை. எண்ணை அறியும் ஆசையும் உண்டு. அது ஒன்றே போதுமான காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

'குவாண்டம் கணினி குறியாக்கத்தை உடைக்கும்' செய்தி. இதைத்தான் பொருட்படுத்தவேண்டும். 1994இல் பீட்டர் ஷோர், குவாண்டம் கணினியால் காரணிப்படுத்தலை மலிவாக்க முடியும் என்று காட்டினார். அவர் முறையின் உயிர்நாடி, மேலே 'வ' பற்றிய பட்டியலின் இரண்டாம் புள்ளியில் பார்த்த சுழற்சி நீளம்தான். காரணி தெரியாத எண்ணில் அந்த நீளத்தைக் கண்டுபிடிப்பது சாதாரணக் கணினிக்கு மிகக் கடினம். குவாண்டம் கணினிக்கு எளிது. நீளம் தெரிந்துவிட்டால் காரணி பெரும்பாலும் தானாக வெளிப்படும்.

அதற்கு ஏற்ற பெரிய கருவி இன்னும் உருவாகவில்லை. ஆனால் தேவைப்படும் அளவு பற்றிய மதிப்பீடு இறங்கிக்கொண்டே வருகிறது. 617 இலக்க எண்ணை உடைக்க 2 கோடி குபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) வேண்டும் என்று 2019இல் கணக்கிட்டார்கள். 2025இல் வந்த மதிப்பீடு 10 லட்சத்துக்கும் குறைவு என்கிறது.

இன்று அனுப்பப்படும் பூட்டிய செய்தியை நகலெடுத்து வைத்துக்கொண்டு, கருவி வந்தபின் திறந்து படிக்கலாம். மருத்துவ ஆவணம், அரசின் இரகசியம் போல 15, 20 ஆண்டுகள் மறைவாக இருக்கவேண்டியவற்றுக்குக் காலக்கெடு ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று பொருள். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், காரணிப்படுத்தலை நம்பாத மூன்று புதிய தரநிலைகளை 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. 617 இலக்க ஆர்எஸ்ஏவை 2030க்குப் பின் கைவிடத் தொடங்கி, 2035க்குப் பின் எல்லா அளவு ஆர்எஸ்ஏவையும் அனுமதிப்பதில்லை என்பது அதன் வரைவுத் திட்டம்.